ஏழு பக்க நாணயம்

இரண்டு நிமிஷம், ஒன்பது நொடி.
அதற்கு மேல் அந்தப் பாட்டு கிடையாது.
"நாங்க கேட்டது கொஞ்சம் வெ—"
பிறகு ஒரு சின்னக் கீச்.
பிறகு காலி வரியில் ஊசி உரசும் சத்தம்.

வெளிச்சமா, வெந்நீரா, வெற்றியா என்று
நாற்பது வருஷமாகப் பிய்த்துக்கொள்கிறார்கள்
படித்தவர்கள்.
ஒரு தலைமுறையின் தொண்டை நெரிபட்ட ஓசை
என்று எழுதினார் லீட்ஸ் பேராசிரியர் ஒருவர்.
கையெழுத்திட்டு ஒரு பிரதி எனக்கே அனுப்பினார்.
அலமாரி ஆடாமலிருக்க அதைத்தான்
அண்டை கொடுத்திருக்கிறேன்.

ஹல் நகரம். எழுபத்தெட்டு, பிப்ரவரி.
ஐஸ்லாந்துக் கடல் கைவிட்டுப் போய்
மீன்பிடிக் கப்பல்கள் கட்டிய இடத்திலேயே துருவேறின.
எங்கள் அப்பாக்கள் பகலில் வீட்டிலிருந்தார்கள்.
எங்களுக்கு அது பழக்கமில்லை.
அவர்களுக்கும்தான்.

இழுவலையின் வால்நுனிக்கு, மீன் வந்து குவிகிற இடத்துக்கு,
காட் எண்ட் என்று பெயர்.
நாங்கள் தி காட் எண்ட்ஸ்.
நெவில் ஸ்டாத்தர்ஸ், வாய்.
லோர்னா, கிட்டார், கை முழுக்க ஊக்கு குத்திய வடு.
மாரிஸ் பிளெங்கின், டிரம்ஸ்;
தாளம் அவனுக்கு முன்னால் ஓடும்,
அவன் துரத்துவான்.
ஹிலரி ட்ரூரி, பேஸ், அது நான்.
நான்கு கம்பியில் இரண்டைத்தான் தொடுவேன்,
மற்ற இரண்டும் அழகுக்கு.

வலை பின்னும் பழைய கிடங்கின் மாடி,
இரவல் டேப் ரெக்கார்டர்,
சுவரில் ஒரு மின் மீட்டர்.
ஐம்பது பென்ஸ் போட்டால் விளக்கு, ஹீட்டர், கிட்டார்.
போடாவிட்டால் எஸ்க்ரீட் துரை பெயரைச் சொல்லி
இருட்டில் நான்கு பேர் பல் கிட்டிக்கலாம்.

ஐந்து முறை வாசித்தோம், ஐந்தும் பாழ்.
ஆறாவது முறை
மாரிஸ் எப்படியோ தாளத்தைப் பிடித்துவிட்டான்.
நெவில் கண்ணை மூடிக்கொண்டான்.
மீட்டரின் முள் சிவப்பில் சாய்வதை
நான் பார்த்தேன்.
நான் மட்டும்தான் பார்த்தேன்.

என் கோட்டுப் பையில் ஒரு நாணயம்.
அதன் ஏழு பக்கங்களையும்
காலையிலிருந்து விரலால் எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஹெஸ்ல் ரோட்டு முனைக் கடையில் சிப்ஸ்,
எண்ணெயில் உதிர்ந்த மொறுமொறுத் தூள் இலவசம்,
வினிகர் கேட்ட மட்டும்,
மிச்சத்தில் பஸ்.
கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை;
அன்றைக்குக் கூழ் ஜெயித்தது.

இருட்டு.

"யாரிடமாவது காசு இருக்கா?" என்றாள் லோர்னா.
இல்லை என்றோம், நால்வரும்.
லோர்னாவும் சேர்த்துத்தான் சொன்னாள்.

அப்படியே அச்சடித்தோம், ஐந்நூறு பிரதி.
உறை ஒட்டியது மாவுப் பசையில்.
'வாடகை பாக்கி' என்று முதல் பக்கத்தில் போடச் சொன்னோம்,
பின்பக்கத்தில் போட்டார்கள்.
ரேடியோக்காரர் தவறான பக்கத்தைத் தேய்க்கப் போய்
சரியான பாட்டைப் போட்டுவிட்டார்.
நிலையம் பழுது என்று நினைத்து
நாற்பது பேர் போன் செய்தார்களாம்.
எங்கள் புகழ் மொத்தமும் அந்த நாற்பது போன்.

நெவில் இப்போது கூலில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான்.
"அது என்ன வார்த்தைடா?" என்று கேட்டேன்.
"எழுதவே இல்லையே ஹில்,
வாய்க்கு வருவதைச் சொல்லலாம் என்றிருந்தேன்."

போன நவம்பரில் மாரிஸை எரித்துவிட்டு
பப்பின் பின்னறையில் மூன்று பேர் வாசித்தோம்.
டிரம்ஸுக்கு அவன் மருமகள்;
அவளும் துரத்துகிற ரகம்.
பிறக்காத காலத்துப் பாட்டை
முன்வரிசைப் பிள்ளைகள் கத்திப் பாடினார்கள்.
"கொஞ்சம் வெ—"
நூறு வாய் ஒரே நொடியில் மூடியது.
யாரும் மூச்சு விடவில்லை.

என் கை தானாகவே
கோட்டுப் பைக்குள் போனது.
சாவிக்கொத்து, மூக்குச்சளித் தாள்.
பக்கத்தில் பார்த்தேன்:
லோர்னாவும் தன் பையைத்
துழாவிக்கொண்டிருந்தாள்.