திருத்தப்பட்ட அளவு

ஐந்தே முக்காலுக்கு லைன் வீடுகளின் கதவு
ஒவ்வொன்றாய்த் திறக்கிறது.
உறைபனி விழுந்த புல்லில் என் செருப்புத் தடம்.
நாற்பது டப்பா, நாற்பது ஸ்டிக்கர்.
பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்.
ஆனாலும் எனக்குத் தெரியும்
பதினேழு என்பது செல்வநாயகி,
இருபத்திரண்டு, செம்பேனுக்கு மருந்தடிக்கும் சவரிமுத்து,
ஒன்பது, மூன்று மாதமாய்ப் பேசாமல்
டப்பாவை மட்டும் நீட்டுகிற ராசம்மா.

இரவெல்லாம் தேங்கிய முதல் சிறுநீர்தான் வேண்டும்.
இதைச் சொல்ல நான்தான் கூசினேன்.
"கலர் கொஞ்சம் கட்டியா இருக்கும்மா,
தப்பா நெனச்சுக்காதீங்க"
என்றாள் செல்வநாயகி,
வந்தவளுக்கு ஆறிய தேத்தண்ணி கொடுத்துவிட்டவள் போல.

பஸ்ஸில் ஐஸ் பெட்டி என் மடியில்.
கண்டக்டருக்குச் சந்தேகம்: "மீனா?"
"இல்லண்ணே."
"அப்ப ஐஸா? இந்தக் குளிருக்கா?"
லக்கேஜ் டிக்கெட் கிழிக்கிறார்.
கட்டபெட்டு வளைவில்
நாற்பது பேரும் ஒருவர்மேல் ஒருவர்
லேசாய் முட்டிக்கொள்கிறார்கள்.

குன்னூர் ஆய்வகத்தில் நான் கற்றது இவ்வளவுதான்:
மூச்சோடு உள்ளே போன காற்றே
சில நேரம் திரும்பி நின்று கடிக்கும்.
உயிரணுவின் சுருளில் ஓர் எழுத்து துருப்பிடிக்கும்.
உடம்பு அதைத் தேடிப் பிடித்து, வெட்டி,
புது எழுத்து வைத்துத் தைத்து,
வெட்டிய துண்டை வெளியே அனுப்பும்.
அந்தத் துண்டைத்தான் எண்ணுகிறோம், நானோகிராமில்.

அதிகமென்றால் காயம் அதிகமா,
தைக்கும் கைக்குச் சுறுசுறுப்பா?
மேடத்திடம் கேட்டேன்.
"ரெண்டும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து,
"தெரியாது."
அந்த இரண்டாவது பதிலுக்காகத்தான்
இன்னும் இந்த வேலையில் இருக்கிறேன்.

திரையில் சவரிமுத்துவின் மேடு உயரம்.
எதிர்பார்த்ததுதான்.
செல்வநாயகியின் மேடு அதைவிட உயரம்.
எனக்குத் திக்கென்றது.
பிறகு கிரியாட்டினினால் வகுத்தோம்.
நிறையத் தண்ணீர் குடித்தவர், குடிக்காதவர் என்ற
வித்தியாசம் போக வேண்டுமே.
வகுத்ததும் பதினேழு இறங்கி வந்து
எல்லோரோடும் வரிசையில் நின்றது.

நல்ல செய்திதான்.
ஆனால் பத்தாம் நம்பர் மலையில் கக்கூஸ் இல்லை.
கீழே ஒதுங்கினால் ஸ்பிரே பம்ப்போடு ஆம்பளைகள்,
மேலே ஏறினால் காட்டெருமை.
அதனால் விடியலில் அரை டம்ளர் தேத்தண்ணி,
அப்புறம் நாலு மணி எடை போடும்வரை
வாய் நனைப்பதில்லை அவள்.
பதினோரு வருஷமாய்.
அந்தத் தாகம் இருந்த இடத்தில்
இப்போது ஒரு வகுத்தல் குறி.

நேற்று கேட்டாள்: "பதினேழு பாஸா?"
"நார்மல்" என்றேன்.
"அப்பச் சரி" என்று கூடைப் பட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.
ஃபேக்டரிப் பக்கமிருந்து
காற்றுப் பட்டுச் சிவந்துகொண்டிருக்கும் இலையின் வாசம்.

படிவத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு,
சுண்டு விரல் அகலம்.
'தண்ணீர்' என்று எழுதியதுமே இடம் தீர்ந்துவிட்டது.
தாளைத் திருப்பினேன்.