நானூற்றுப் பன்னிரண்டு

எங்கள் தீவில் அணு உலை இல்லை.
இருப்பது ஓர் ஈயக் கோட்டை,
கென்ட் ரிட்ஜ் குன்றில், கீழ்த்தளத்தில்.
பத்து சென்டிமீட்டர் மதில்.
உள்ளே ராஜா கிடையாது.
ஜெர்மேனியப் படிகம் ஒன்று
திரவ நைட்ரஜனில் கால் நனைத்தபடி
யாராவது தட்டுவார்களா என்று உட்கார்ந்திருக்கிறது.

உலை வேறு தேசத்தில்,
ஒரு பல்கலைக்கழகத்தின் பின்புறம்,
சைக்கிள் நிறுத்தத்துக்கு அடுத்து.
போன ஆகஸ்டில் இரண்டு வாரம் அங்கிருந்தேன்.
குளம் என்றுதான் சொல்கிறார்கள்.
ஏழு மீட்டர் தண்ணீர். படித்துறை இல்லை, தவளை இல்லை.
அடியில் நீலம்.
மயில்கழுத்து என்று எழுதி அடித்தேன்.
கேஸ் அடுப்பை முழுக்கக் குறைத்துவிட்டு
சமையலறை விளக்கை அணைத்தால் தெரியுமே,
ஏறக்குறைய அது.

சுவரில் வாசல்களுக்கு எண் போட்டிருந்தார்கள்.
ஒன்றில் நியூட்ரான்கள் நேராய்ப் பாய்ந்து வரும்.
நான்கில் கிராஃபைட் கட்டைகளில் முட்டி மோதி
களைத்து வரும்.
களைத்தவைதான் வேலைக்கு ஆகும்,
எதிலும் சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.
அப்புறம் ஒரு குழாய்:
காற்று உறிஞ்ச, விரலளவு டப்பி உள்ளே ஓடி
உலையருகே நின்று திரும்பும்.
அதற்குப் பெயர் முயல்.
போன பொருள் அப்படியே திரும்புவதில்லை.

நாங்கள் அனுப்புவது கிராஞ்சிச் சேறு,
ஜோகூர் நீரிணையின் சிப்பி, சில சமயம் அரிசி.
ஒவ்வொரு பொதியிலும் சாட்சிக்கு ஒரு தங்கத் தகடு,
ஆறு மில்லிகிராம்.
எத்தனை நியூட்ரான் வந்தது என்று கேட்டால்
தங்கம் பொய் சொல்லாது.

இந்த முறை பொதி வெள்ளி மாலை ஆறுக்குச் சாங்கியில் இறங்கியது.
மூன்றாம் படிவத்தில் ஒரு கையெழுத்து இல்லை.
கையெழுத்துக்காரர் பாத்தாமில், மீன்பிடிக்க.
ஹஸ்லினா பதினேழு முறை போன் செய்தாள்.
திங்கள் பதினொன்றுக்குத்தான் கைக்கு வந்தது.
சேற்றின் சோடியம் வழியிலேயே முக்கால்வாசிக்கு மேல் போயிருந்தது.
தங்கத்தில் விழித்த அணுக்களில் சரியாகப் பாதி.

பாதரசத்தைப் பொன்னாக்க
காட்டிலும் குகையிலும் புடம் போட்டவர்களின் மொழி என்னுடையது.
இங்கே பொன் பாதரசமாகிறது,
ஒவ்வோர் அணுவாக, யாரும் முயலாமலே.

என் டோசிமீட்டர் அட்டைக்குப் பின்னால்
மடித்த ஒரு ரசீது இருக்கிறது.
நான்கு வளையல், இருபத்திரண்டு காரட்,
தேக்கா பக்கத்து அடகுக்கடை.
அமரேசனுக்கு வேலை போன மாதம் வைத்தது.
மாதம் ஒன்றரை வட்டி.
கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் உரசிப் பார்த்தார்,
எடை போட்டார்,
எங்கள் தராசைவிட அவர் தராசு மெதுவாக அசைந்தது.
வளையல் வெளிறவில்லை, குறையவில்லை.
அங்கே வளர்வது மட்டும்தான்.

தகட்டைக் கோட்டைக்குள் வைத்து மூடினேன்.
திரையில் முதலில் புல் மாதிரி.
பிறகு நானூற்றுப் பன்னிரண்டில் ஒரு ஊசி,
நேராக, கூச்சமில்லாமல்.
ஜுன் வெய் எட்டிப்பார்த்து “பிழைத்தது” என்றான்.
எவ்வளவு நேரம் வீணானது என்று சொன்னால் போதும்,
குளத்தை விட்ட நொடியில் எவ்வளவு இருந்ததென்று
கணக்கு பின்னால் நடந்துபோய்ச் சொல்லிவிடும்.
மூன்று நாளும் ஒரே வரியில் நேராகிவிட்டன.
எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

இருபத்தேழு நாள் கழித்து
தகட்டில் படிகத்துக்குக் கேட்கும்படி எதுவும் மிச்சமில்லை.
இழுப்பறையில் போடலாம் என்று ஹஸ்லினா முத்திரை குத்தினாள்.
சின்ன உறையில் இட்டு, தேதி எழுதி,
பொருள் என்ற கட்டத்தில் எழுதினேன்:
தங்கம், பெரும்பாலும்.

95 பேருந்து வரப் பத்து நிமிடம் இருந்தது.
ரசீதை எடுத்துக் கடைசித் தேதியைப் பார்த்தேன்.