இடது முன்சக்கரம்

கேத்தியில் இரண்டரை மணி. அங்கே இன்னும் பதினொன்று.
ஏழு மணி நேரமாய்ச் சுற்றிக்கொண்டிருக்கிறது
எங்கள் கம்பெனியின் பந்தய வண்டி.
இன்னும் பதினேழு மணி நேரம்.

எனக்குத் தந்திருப்பது ஒரு சக்கரம். இடது, முன்.
அதன் பிரேக் தட்டின் சூடு ஒரு கோடாய்த்
திரையில் ஏறும், இறங்கும்.
எழுநூற்றுப் பத்து. நானூறு. எழுநூற்று முப்பது.
வண்டியை நான் தொட்டதில்லை.
கம்பெனி அனுப்பிய காலண்டரில் பார்த்ததுதான்,
அதுவும் ஆகஸ்ட் மாதத்தில்.

இதே கம்பெனி விற்கிற காருக்கு
அக்ரூட் மரத்தில் முகப்புப் பலகை.
கதவைச் சாத்தினால் சத்தமே வராதாம்.
வாங்குகிற ஒருவரும்
எழுநூறு டிகிரிக்குப் பிரேக்கை மிதிக்கப் போவதில்லை.
யாரோ இரவெல்லாம் மிதித்தார்கள் என்பது மட்டும்
அவர்களுக்கு வேண்டியிருக்கிறது.
விலையில் அதுவும் சேரும்.
என் சம்பளம் அதில் எத்தனை பைசா என்று
ஒருமுறை கணக்குப் போட்டேன். பாதியில் விட்டேன்.

இரண்டு நாற்பதுக்குக் கரண்ட் போனது.
இன்வெர்ட்டர் கீச்சிட்டது, பிறகு அதுவும் இல்லை.
லேப்டாப்பில் ஒன்பது சதவீதம்.
காட்டெருமை எதாவது
கம்பத்தில் முதுகு சொறிந்திருக்கும்.

பனியில் வெளிச்சம் தெரிந்தது ஒரே இடத்தில்:
ஓடைப் பக்கம், போஜ கவுடரின்
கேரட் கழுவுகிற ஷெட்.
ஜெனரேட்டர் உறுமியது. உருளைக்குள் கேரட் புரண்டது.
மண் கரைந்து வாய்க்காலில் போனது.
ஈரக் கையோடு ஒயரை நீட்டினாள் ருத்ரம்மா.
"ஷாக் அடிக்குமே அக்கா."
"தினமும் அடிக்குது."

மூட்டைமேல் உட்கார்ந்தேன்.
கோட்டில் பதினோரு நிமிடம் வெறுமை.
அதற்குப் பிறகு எண்ணூற்று நாற்பது,
எண்ணூற்று அறுபது.
ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது.

இந்தச் சூட்டின் வாசனை எனக்குத் தெரியும்.
பர்லியாரில் சக்கரம் புகைய லாரிகள் நிற்கும்.
டயருக்குக் கல் வைத்துவிட்டு
டிரைவர்கள் டீ குடிப்பார்கள்.
பஸ் ஜன்னலில் நாங்கள் மூக்கைப் பொத்திக்கொள்வோம்.
திரையில் வாசனை வராது, எண் மட்டும்தான்.
அன்றைக்கு எனக்கு இரண்டும் வந்தது.

எழுதினேன்: இடது முன். காற்றுக்குழாய் அடைத்திருக்கிறது.
வளைவுக்கு முன்பே காலை எடுக்கச் சொல்லுங்கள்,
ஒரு நாலு சுற்றுக்கு.
எட்டு நொடி கழித்துப் பதில்: சரி.
எந்த ஊர்க்காரருடைய 'சரி' அது, தெரியாது.

பாபுஜான் லாரியை ரிவர்ஸில் கொண்டுவந்து நிறுத்தி
என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.
"ஜெயிக்கிறீங்களா?"
"எட்டாவது."
"எட்டாவதுக்கா இந்தக் குளிர்ல?"
"முடிச்சாலே போதும்ணே."
"எத்தன டிரைவர்?"
"மூணு பேர். மாத்தி மாத்தி."
அவர் திரும்பித் தன் லாரியைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.
ருத்ரம்மாதான் சிரித்தாள்.

கோடு இறங்கியது. எழுநூற்று எண்பது. எழுநூற்று நாற்பது.

நாலு மணிக்குக் கடைசி மூட்டை ஏறி, கயிறு இறுகி
லாரி புறப்பட்டது, மேட்டுப்பாளையத்துக்கு.
பதினான்கு கொண்டை ஊசி, இரண்டாம் கியரில்.
எல்லநள்ளி ஏற்றம் வரை அதன் சத்தத்தைக் கேட்டுவிட்டு
மறுபடி என் சக்கரத்துக்கு வந்தேன்.

சாயங்காலம் எட்டாவதாகவே முடித்தோம்.
கம்பெனி அனுப்பிய படத்தில் மழை, புகை,
கண்ணாடியில் அப்பிக் காய்ந்த பூச்சிகள்.
கீழே ஒற்றை வரி:
எதுவும் எங்களை நிறுத்தவில்லை.

ருத்ரம்மாவிடம் காட்டினேன்.
விரலால் பெரிதாக்கிக்கொண்டே போய்
ஒரு சக்கரத்தில் நிறுத்தினாள்.
"இதானே உன்னோடது?" படுகுவில் கேட்டாள்.
"இல்லக்கா, இது வலது.
என்னோடது அந்தப் பக்கம். படத்துல வரல."