அறை வெப்பநிலை

செய்முறைத் தாளில் நான்காவது வரி:
'அறை வெப்பநிலையில் பத்து நிமிடம் வைக்கவும்.'
எந்த அறை என்று கேட்க
எனக்கு இரண்டரை வருடம் ஆயிற்று.

எழுதியவர் சென்னையில் இருந்திருப்பார்,
மின்விசிறிக்குக் கீழே, கழுத்து வேர்க்க.
நான் குன்னூரில், டிசம்பரில்,
குரங்குக் குல்லாவும் கையுறைமேல் கையுறையுமாக
ஐஸ் பெட்டியைத் திறக்கிறேன்.
உள்ளே இருக்கும் குளிருக்கும் வெளியே இருப்பதற்கும்
பெரிய பகை ஒன்றுமில்லை.

அவலாஞ்சிச் சோலையில்
அட்டைக்கு இரண்டு சொட்டு ரத்தம் கொடுத்துவிட்டுக்
கறுத்த மண்ணிலிருந்து ஒரு பாக்டீரியாவை எடுத்து வந்தேன்.
அதற்குள் ஒரு நொதி.
குளிரிலும் வேலை செய்யும்,
அதுதான் அதன் பெருமை, என் ஆய்வின் தலைப்பும்.
நிறமற்ற ஒன்றை அது வெட்டும்,
வெட்டிய இடத்தில் மஞ்சள் கசியும்.
எவ்வளவு மஞ்சள், எத்தனை நொடியில்.
என் வாழ்க்கையைச் சுருக்கிச் சொல்லச் சொன்னால் இவ்வளவுதான்.

அம்மா சாத்தூரிலிருந்து கேட்பாள்:
"இன்னும் அந்த மஞ்சளத்தான் பாத்துக்கிட்டிருக்கியா?"
ஆமாம்மா.
"சம்பளம் வந்திருச்சா?"
அது உதவித்தொகைம்மா, என்று திருத்துவேன்.
ஆகஸ்டிலிருந்து வராத ஒன்றை
எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன.

ஒருநாள் ஆறு மணி அளவீட்டுக்கு ஓடி வந்தால்
கேட்டை அடைத்துக்கொண்டு காட்டெருமை.
அதற்கு நேரம் நிறைய இருந்தது.
குறிப்பேட்டில் எழுதினேன்:
'6.00 விடுபட்டது. 6.40க்கு எடுத்தேன். காரணம்: காட்டெருமை.'
பேராசிரியர் அதைச் சிவப்பில் வட்டமிட்டார்.
அடிக்கவில்லை.

காலையில் மஞ்சள் அதிகம், மதியம் குறைவு.
இதற்கு நான் ஒரு கோட்பாடே கட்டியிருந்தேன்.
நொதி களைத்துப்போகிறது, மடிப்பு அவிழ்கிறது,
மூன்று வரைபடம், ஒரு மாநாட்டுச் சுவரொட்டி,
மைசூரில் மூன்றாம் பரிசு.

பிறகு ஷைனி,
எம்.எஸ்சி. செய்முறைக்கு ஆறு வாரம் வந்தவள்,
பிஹெச் மீட்டரைப் பார்த்துக் கேட்டாள்:
"அக்கா, இது எப்பவுமே இருபத்தஞ்சுதான் காட்டுமா?"

வெப்பமுனையின் கம்பி அறுந்திருந்தது.
எப்போது அறுந்ததென்று யாருக்கும் தெரியாது.
வெளியே புல்லெல்லாம் உறைபனி.
மேசையில் அது மட்டும் இருபத்தைந்து, இருபத்தைந்து என்று
குறுக்கு விசாரணை இல்லாத சாட்சியாய்
சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது.

டிரிஸ் பஃபரின் பிஹெச் குளிரில் ஏறும்.
டிகிரிக்கு ஒரு நூலளவு,
பதினான்கு டிகிரிக்குப் பதினான்கு நூல்.
பாடப்புத்தகத்தில் இருக்கிறது.
இதே கேள்விக்குப் பதில் எழுதி
ஐந்துக்கு ஐந்து வாங்கியவள் நான்.

அந்தக் காலை மஞ்சளில்
பாதி நொதியினுடையது, பாதி குன்னூருடையது.
இரண்டு வருடமாக நான்
ஒரு மலையின் விடியற்காலையை
நான்கு தசம இடம்வரை அளந்திருக்கிறேன்.
விடாமல் சிரித்தேன்.
ஷைனி பயந்துபோய் டீ வாங்கப் போனாள்.

பேராசிரியருக்கு இரண்டு பக்கம் எழுதினேன்.
பதில் ஒரே சொல்: மறுபடி.

மைசூரில் பரிசாகத் தந்த பிளாஸ்கில்தான்
இப்போதும் வெந்நீர் கொண்டுவருகிறேன்.
பாவம், அதன்மேல் குற்றமில்லை,
சூட்டைச் சூடாகவே வைத்திருக்கிறது.

ஹீட்டர் ஒன்று கிடைத்தது. குவெட்டுக்கு, எனக்கில்லை.
ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில்
இன்னோர் எண் எழுதுகிறேன்.
11.4. 13.0. மின்வெட்டு. 12.2.
கட்டுரை வரைவில்
'அறை வெப்பநிலை' என்பதை அடித்துவிட்டேன்.
அந்த இடத்தில் என்ன எழுதுவதென்று இன்னும் முடிவாகவில்லை.

இன்றைய முதல் மாதிரியில் மஞ்சள் குறைவு.
மிகக் குறைவு.
வெளியே காவலர் மாதன்
"போப்பா, போ, அந்தப் பொண்ணு வேலை செய்யணும்" என்று
எதையோ கெஞ்சிக்கொண்டிருக்கிறார்.
ஆறு மணிக்கு இன்னும் நான்கு நிமிடம்.