சின்னவர்

வெள்ளிக்கிழமை. வவுனியா ஆஸ்பத்திரி. நான்காம் கட்டில்.
குழாய்க்குள் தன் இரத்தம் போய்த் திரும்புவதைப்
பார்த்தபடியே கேட்கிறார் குலவீரசிங்கம்:
"சின்னவர் சாப்பிட்டாரோ?"

சாப்பிட்டார்.
காலை ஏழரைக்கு நான்தான் கொடுத்தேன்,
பழைய கரைசலை உறிஞ்சிப் புதியதை விட்டு.
செவ்வரத்தை நிறம் அதற்கு. பசித்தால் மஞ்சளாகும்.
அழத் தெரியாதவர் அப்படித்தான் கேட்பார்.

போன வருஷத்து மாரியில் ஒரு போத்தல் சிறுநீர் தந்தார்.
"கழிச்சு விட்டதிலயும் நான் இருக்கிறனோ, பிள்ளை?"
செட்டிகுளத்திலிருந்து பம்பைமடு வரை
ஓட்டோ பள்ளத்தில் விழும்போதெல்லாம்
ஐஸ் பெட்டியை மடியிலிருந்து தூக்கிப் பிடித்தேன்.
உள்ளே உதிர்ந்து மிதந்த சில கலங்கள்.
பின்னோக்கி நடத்தினோம் அவற்றை,
என்னவாகவும் ஆகக்கூடிய வயதுக்கு.
பிறகு சொன்னோம்: சிறுநீரகம் ஆகு.
ஆகின. கடுகளவு.
பெயர் எழுதக்கூடாது. செ-14.
பெயர் வைத்தவர் அவரே.

முன்பு எலியில் பார்த்தார்கள்.
எலி தேறியது.
ஆனால் எலி எங்கே
கேத்திலின் அடியில் வெள்ளை ஓடு கட்டும் தண்ணீரை
முப்பது வருஷம் குடித்தது?
எந்த வயலில் நடுப்பகலில் மருந்தடித்தது?
பவுசர் வரும்வரை
எந்த முகாமில் வரண்ட வாயோடு நின்றது?

தன் கிணற்றுத் தண்ணீரையும் கொண்டுவந்தார்,
நெக்டோ போத்தலில்.
"ரெண்டு பேரும் ஒண்டையே குடிக்கட்டும்."

ஒரு தட்டில் தொண்ணூற்றாறு குட்டிக் கிணறுகள்.
ஒவ்வொன்றிலும் ஒரு குலவீரசிங்கம்.
முதல் வரிசைக்கு ஒன்றும் விடவில்லை, ஒப்பிட.
மற்ற ஏழுக்கும் வற்றவைத்த கிணறு,
வரிசைக்கொரு மருந்து.
அன்றிரவு கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமி இருமி எழும்பும்வரை
அடைகாக்கும் பெட்டியின் கதவில் கை வைத்திருந்தேன்.
முப்பத்தேழு பாகை. காய்ச்சல் இல்லாத ஒருவரின் சூடு.
கை வைத்து ஒரு பயனும் இல்லை. தெரியும்.

"ஏழாம் வரிசை தப்பியிருக்கு," என்றேன் இன்று.

மோட்டுவளையைப் பார்த்தார்.
"அந்த மருந்து என்ர கைக்கு வர?"
"எல்லாம் சரிவந்தால் பத்து வருஷம்."
சங்கக்கடையில் கணக்கெழுதியவர்.
"செவ்வாயும் வெள்ளியும். ஆயிரத்து நாப்பது தரம்
இந்தக் கட்டில்," என்றார்,
பருப்பு நிறுப்பதுபோல.

பிறகு:
"தப்பாதது எத்தினை?"
"எழுபத்திரண்டு."
"அதுவும் நான்தானே?"

எனக்கு அதற்கான படிவம் தெரியாது.
இந்த மண்ணில் எண்ணிக்கை கேட்பவர்களுக்கு
யாரும் சரியாகப் பதில் சொன்னதில்லை.
நானும் கையுறையின் விரல்களை
ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தேன்.

மிஷின் கத்தியது. தாதி வந்து
மடங்கிய குழாயை நேராக்கினார்.

"நாளையிண்டைக்கு ஞாயிறு," என்றார் கண்ணை மூடியபடி.
"உங்கட இடம் பூட்டெல்லோ.
அவருக்கு ஆர் சாப்பாடு குடுக்கிறது?"

"திறப்பு என்னட்ட இருக்கு," என்றேன்.