மூன்றாம் ஒழுங்கையின் கொப்பி

எங்கள் சங்கத்துக்குக் கட்டடம் இல்லை.
உவர்மலைச் சரிவில் முப்பத்திநாலு வீடு,
நூற்றறுபது பக்கக் கொப்பி ஒன்று,
பற்றுச்சீட்டுப் புத்தகம்,
வெல்டிங் கடைக்காரர் இரவல் தந்து
திருப்பிக் கேட்க மறந்த தள்ளுவண்டி.
செயலாளர் நான்.
கையெழுத்து வாசிக்கக்கூடியது என்பதால்
ஏகமனதாகத் தெரிவானேன்.

புரட்டாதிக் கூட்டம். வந்தவர் ஒன்பது.
அதில் ஒருவர்
கரண்ட் போனதால் காற்று வாங்க வந்தவர்.
வாய்க்கால் பற்றி
நகரசபைக்கு நாலு கடிதம் போட்டிருந்தோம்.
பதில் ஒன்று வந்திருந்தது:
‘தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது.’
நஸீர்தீன் நானா அதை இரண்டுதரம் வாசித்தார்,
மறுபக்கமும் திருப்பிப் பார்த்தார்.
“சரி, ஞாயிறு நாமளே இறங்குவம்.”
முன்மொழிந்தது அவர்.
வழிமொழிந்தது ஓர் இருமல்.
யாருடையது என்று நான் பதியவில்லை.

ஞாயிறு காலை ஆறரை. கச்சான் ஓய்ந்த வெக்கை.
அலோசியஸ் அலவாங்கோடு வந்தார்.
சுனேத்ரா இரண்டு மகன்மாரையும்
நித்திரையோடே கூட்டி வந்தா.
வாய்க்காலுக்குள் கிடந்ததை எழுதுவது என் வேலை:
சொப்பிங் பைகள், எண்ணி முடியாது.
கிரிக்கெட் பந்து பதினொன்று
(பையன்கள் உடனே உரிமை கோரினார்கள்).
ஒரு ரேடியோவின் முதுகு.
உதிர்ந்த மான்கொம்பு ஒன்று;
உடைமைக்காரர் சந்தியில் நின்று
எங்கள் குப்பையை மேய்ந்துகொண்டிருந்தார்.

பதினெட்டாம் இலக்க வீட்டடியில்
மண்வெட்டி ‘ணங்’ என்றது.
மதில்.
வாய்க்காலுக்குள் ஒன்றரை அடி.
எங்கள் தலைவர் சித்திரவேலின் மதில்.
அவர் அன்று கந்தளாயில், ஒரு சாமத்தியவீட்டில்.
அளவுநாடா என் கையில் இருந்தது.
சுருட்டிவிட்டேன்.
எல்லோருக்கும் திடீரென்று தாகம்.
எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள்;
அங்கே ஒரு முகில்கூட இல்லை.

அந்நேரம் பார்த்து
கேத்திலோடு வந்தா தலைவரின் மனைவி இராசமலர்.
குனிந்து வாய்க்காலைப் பார்த்தா.
நிமிர்ந்து எங்களைப் பார்த்தா.
“என்ன, அலவாங்குக்குப் பல்லுக் கொட்டிட்டுதோ?
உடையுங்கோ. அவருக்கு நான் சொல்லுறன்.”
தேத்தண்ணியில் சீனி கூட.
மதில் நாங்கள் நினைத்ததைவிட மெல்லியது.

ஐப்பசிக் கூட்டம். தலைமை: திரு. சித்திரவேல்.
வரவேற்புரை, செலவறிக்கை,
கையுறை வாங்கிய ரூபாய் எழுநூற்றைம்பது.
மதில் என்ற சொல் வரவில்லை.
கலையும்போது, என்னைப் பார்க்காமல்,
சந்தாக் காசுக்கு மேல் ஆயிரம் ரூபாய் வைத்தார்.
நன்கொடை என்று எழுதுவதா?
வேறு சொல் தேடினேன், கிடைக்கவில்லை.
‘ஒருவர் தந்தது’ என்று பதிந்தேன்.

பிறகு மழை. மூன்று நாள் விடாமல்.
எங்கள் வாசல்களில் தண்ணீர் ஏறவில்லை.
நஸீர்தீன் நானா குடையோடு வெளியே வந்து
அது வாய்க்காலில் ஓடுவதைப் பார்த்து நின்றார்,
மகளைக் கம்பஸுக்கு பஸ் ஏற்றிவிட்டவர்போல.

நாலாம் நாள் ஒரு கடிதம்.
கீழே, மலையடி ஐந்தாம் ஒழுங்கைச் சங்கம்.
அவர்களுக்கும் ஒரு செயலாளர்;
என்னைவிட வடிவான கையெழுத்து.
‘உங்கள் தண்ணீர்
எங்கள் அடுப்படியில் நிற்கிறது.’

கொப்பியில் ஒரு தாள் கிழித்தேன்.
‘தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது’
என்று தானாகவே தொடங்கியது பேனை.
கூரையில் மழை கேட்டுக்கொண்டிருந்தது.
அந்த வரியை வெட்டினேன்.
கீழே எழுதினேன்:

‘ஞாயிறு ஆறரைக்கு வருகிறோம்.
தள்ளுவண்டி எங்களிடம் உண்டு.
உங்களிடம் எத்தனை மண்வெட்டி?
மதில் ஏதும் இருந்தால்
முன்கூட்டியே அறியத் தரவும்.’