ஒரு துண்டுக் கறுப்பு டேப்

குடிகாடு தாண்டி சிப்காட் நிறுத்தத்தில்
ஆறரைக்கு இறங்குவேன்.
தோள்பையில் வெப்பம் பார்க்கும் கேமரா.
"கீழே போட்டா ஒரு வருஷச் சம்பளம்மா",
மூன்று வருடமாய் இதையே சொல்கிறார் இக்பால் சார்.

அதன் திரையில் பொருள்களுக்கு வேறு முகம்.
ஓடும் மோட்டார் மஞ்சள்,
தளர்ந்த நட்டு கண்கூசும் வெள்ளை,
உப்பனாற்றுப் பக்கத்துச் சுவர் கத்தரிப்பூ.
மேலே என்ன பெயிண்ட் என்று
அது ஒருநாளும் கேட்டதில்லை.

ஏமாறுவது பளபளப்பிடம்தான்.

முதல் வருடம். உறை கழற்றிய கொதிநீர்க் குழாய்,
முகம் பார்க்கலாம், அத்தனை மினுக்கம்.
நாற்பத்தொன்று என்றேன்.
நம்பிப் பிடித்தார் கலியமூர்த்தி அண்ணன்.
உள்ளங்கை கொப்பளித்துப்
பாலாடையாய்ச் சுருங்கியது.

பிறகுதான் படித்தேன்,
கேன்டீன் மேசையில், சோறு ஆறுவதுகூடத் தெரியாமல்.
மினுக்கும் உலோகம் எளிதில் வாங்காது,
உள்ளதை எளிதில் கொடுக்கவும் கொடுக்காது.
உள்ளே கொதித்துக்கொண்டு
எதிரே நிற்பவரின் சூட்டைத்
திருப்பிக் காட்டிக்கொண்டிருக்கும்.
அன்று நான் வாசித்த நாற்பத்தொன்று
பாதிக்குமேல் குழாயுடையதே அல்ல.
எங்கள் இருவருடையது,
எங்களுக்குப் பின்னால் காய்ந்த கொட்டகையுடையது.

அதற்கு மருந்து பதினைந்து ரூபாய்.
ஒயர் சுற்றும் கறுப்பு டேப்பில்
கட்டைவிரல் நீளம் கிழித்துக்
குழாய்மேல் ஒட்டி, இரண்டு நிமிடம் பொறுக்கவேண்டும்.
குழாயின் சூடு அதற்குள் ஏறும்.
ஏறியதை ஒளிக்கத் தெரியாது அதற்கு.
டேப்பின்மேல் தொண்ணூற்றுமூன்று.
ஒரு விரற்கடை தள்ளி, பளபளப்பில்,
இன்னமும் நாற்பத்தொன்று.

என்னைப் பெண் பார்க்க வந்தது ஒரு ஞாயிறு,
நெல்லிக்குப்பத்திலிருந்து வேன் வைத்துப் பதினோரு பேர்.
மறுநாள் துறைமுக ஐஸ் கம்பெனியில் வேலை என்பதால்
கேமரா வீட்டில் இருந்தது.
கேசரியை வெளியே அனுப்பிவிட்டுக்
கதவிடுக்கில் வைத்துப் பார்த்தேன்.

பவுடர் பூசிய அவன் அம்மா,
பூசாத என் அப்பா,
சோபாவில் குதித்த வாண்டு,
எல்லோரும் ஒரே பழுத்த ஆரஞ்சு.
அந்த அம்மாளின் கழுத்தில் மட்டும்
கரிக்கோடு ஒன்று:
பன்னிரண்டு பவுன் சங்கிலி.
மாப்பிள்ளையின் மூக்கு நுனி நீலம் பாய்ந்திருந்தது.
பாவம், அவனுக்கும் பயம்.

"கறுப்பா இருந்தாலும் களையா இருக்கு",
வேனில் ஏறும்போது யாரோ சொன்னார்கள்,
எனக்குக் கேட்கட்டும் என்ற அளவுச் சத்தத்தில்.

திங்கள் விடியலில் முதுநகர்.
சங்கரா மீன்மேல் அள்ளிக் கொட்டிய வெள்ளைவெளேர் ஐஸ்
திரையில் மையாய்க் கிடந்தது.
நான் கொஞ்சம் சிரித்தேன்.
கூடை தூக்கிய அக்கா
என்னடி பைத்தியம் என்பதுபோல் பார்த்துப் போனாள்.

செவ்வாய் போன் வந்தது: ஜாதகம் பொருந்தவில்லையாம்.
முந்தின வாரம்
ஒன்பது பொருத்தம் இருந்தது.
கலியமூர்த்தி அண்ணனிடம் சொன்னேன்.
கைத்தழும்பைச் சொறிந்துகொண்டே கேட்டார்:
"டேப்பு ஒட்டிப் பாத்தியா பாப்பா?"

அன்றிரவு மாடி ஏறினேன்.
ஒழுகலுக்குத் தார் பூசிய எதிர்வீட்டுத் தளம்,
சுண்ணாம்பு அடித்த எங்கள் தளம்.
பகல் இரண்டு மணிக்கு
அது அறுபத்தேழு, இது நாற்பத்துநான்கு.
மறுக்கமாட்டேன், வெயிலில் நிறம் கணக்குத்தான்.
வெயில் போனபின்
இரண்டுக்கும் ஒரே கைதான்,
இருந்ததை வானத்துக்குத் தந்துகொண்டிருந்தன.
கறுப்பிடம் தர நிறைய இருந்தது.
தேவனாம்பட்டினம் பக்கத்திலிருந்து காற்று வந்தது,
நின்றது, மறுபடி வந்தது.

நேற்று டேப் தீர்ந்தது.
மஞ்சக்குப்பம் ஹார்டுவேர் கடையில் பையன்
"சிவப்பு இருக்கு, பச்சை இருக்கு,
பாக்க நல்லாருக்கும்" என்றான்.
சூட்டைச் சொல்லச் சிவப்பும் போதும்,
என் கேமராவுக்கு எல்லாம் ஒன்றுதான்,
எனக்குத் தெரியாததா.
இருந்தாலும் கறுப்பையே கேட்டேன்.
இரண்டு சுருள்.